மூன்றாவது மச்சின் நிழல்

"ஏய்! யாரது கீழ? மேல ஆள் நிக்கிறேன்... கண்ணு தெரியல?"

கீழே 'சரக்'கென்று கயிறு அறுந்த பிறகுதான் அவன் இப்படிக் கத்தினான். பதில் வருவதற்குள் சாரத்தின் கிழக்கு மூலையில் கட்டியிருந்த பலகை ஒரு பக்கம் சரிந்து, கொஞ்ச நேரம் தொங்கி, பிறகு தடாலென்று தரையில் போய் விழுந்தது.

கன்னையன் பக்கத்து மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆறு வருஷம் பம்பாயில் ஏலக்காய் வியாபாரம் பார்த்துவிட்டு அன்று காலையில்தான் போடிநாயக்கனூருக்கு வண்டியில் வந்து இறங்கியிருந்தான். சாப்பிட்ட கை காய்வதற்குள், தான் படம் போட்டு அனுப்பிய கட்டடத்தைப் பார்க்க ஓடி வந்தான். கொத்தனும் சித்தாளும் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். தனியாக ஏறி, மூன்றாவது மச்சின் பாதிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, கையை நெற்றிக்குக் குடையாக வைத்துக்கொண்டு, போடிமெட்டு மலையிலிருந்து கழுதைப் பொதிகள் இறங்கும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் இந்தச் 'சரக்'.

குனிந்து பார்த்தான்.

பார்த்தவன் பார்த்தபடியே நின்றான்...

கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் அரிவாளோடு ஒரு பெண். அண்ணாந்து பார்த்த முகத்தில் வெயில் அடித்தது. கண்ணைச் சுருக்க வேண்டுமே! சுருக்கவில்லை. அகலமாகத் திறந்தே வைத்திருந்தாள். இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு ஜோடிக் கண்கள் இவ்வளவு அழகாகவும் இருக்க முடியுமா என்று கன்னையனுக்கு ஒரு யோசனை வந்தது. உயிர் மூங்கிலில் தொங்குகிற நேரத்தில் வரவேண்டிய யோசனையா அது?

"இறங்கி வாங்க. மிச்சக் கயித்தையும் அறுக்கணும்" என்றாள்.

"நான் இறங்கலேன்னா?"

"அறுத்தா தானா இறங்குவீக."

இறங்கினான். கடைசிக் கட்டையிலிருந்து குதித்து, அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நாலடி வைத்தான். காலடியில் என்னவோ நெறுநெறுத்தது.

"அய்யய்யோ, காயை மிதிக்காதீக! காலைத் தூக்குங்க!"

கன்னையன் ஒற்றைக் காலில் நின்றான். சுற்றிலும் ஓலைப்பாய்கள், பாயெல்லாம் ஏலக்காய். மலையிலிருந்து வந்த பச்சைக் காய் பாதி காய்ந்தும் காயாமலும் வெயிலில் வாசம் விட்டுக்கொண்டிருந்தது.

"தூக்குன காலை எங்க வைக்க?"

"தூக்கிக்கிட்டே நில்லுங்க. அடுத்தவுக சோத்தை மிதிச்சா அதான் தண்டனை."

சுளகை வைத்துக்கொண்டு காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் வாய்க்காரியான அய்யம்மாள் மட்டும் பொத்தாமலே சிரித்தாள். "ராக்கு... அது யாருன்னு பாத்தியா? ஜக்கையன் முதலாளி மகன்டி! கட்டடத்துக்கே சொந்தக்காரவுக!"

ராக்கு என்கிற அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். ஒரு கணம்தான்.

"அப்ப சரியான ஆளைத்தான் இறக்கியிருக்கேன்."

"மேல ஆள் இருக்கான்னு பாக்காமலா கயித்த அறுப்ப? விழுந்திருந்தா?"

"மேல ஆள் இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அரிவாள் நுனியால் தரையைக் காட்டினாள். "அதைப் பாருங்க. அது யாரு வீட்டு நிழலு?"

பார்த்தான். கட்டடத்தின் நிழல் களத்துக்குள் வந்து படுத்திருந்தது. சுவரடியில் பாய் விரிக்க வழியில்லாமல் தரை வெறுமையாகக் கிடந்தது. நிழலின் ஓரம், விரித்திருந்த பாய்களின் மேலும் ஏறியிருந்தது.

"சித்திரையில உங்க ஆளுக வந்து, சாரக்கால் நட களத்துல ஓரமா இடம் குடுங்கன்னு கேட்டாக. எங்க ஆத்தா குடுத்துச்சு. அப்ப சூரியன் தலைக்கு நேர நின்னுச்சு. நிழலே இல்ல. இப்ப கார்த்திகை. சூரியன் தெக்க சாஞ்சிருச்சு. உங்க கட்டடமும் தெக்கதான் நிக்குது. ரெண்டு மச்சு வரைக்கும் பொறுத்தாச்சு. மூணாவது பாதிதான் ஏறியிருக்கு, அதுக்குள்ள இந்தக் கதி. அஞ்சு மச்சும் ஏறிட்டா?"

கன்னையன் நிழலையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தான். யாருக்குத்தான் தோன்றியது இது? கோடையில் களம் காலியாகக் கிடக்கும். அங்கே காயும் இல்லை, ஆளும் இல்லை. அப்பா கயிறு பிடித்தார், கொத்தனார் முளை அடித்தார், இந்தப் பெண்ணின் தாய் தலையாட்டினாள். மலைக்காயை நம்பிப் பிழைக்கிற ஊரில் ஒருத்தருக்குக்கூட மார்கழி வெயில் எந்தப் பக்கம் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. சித்திரை அப்படிப்பட்ட மாதம், எல்லாரையும் ஏமாற்றிவிட்டது.

"மேற்க மலை. சாயங்கால வெயில மலை முழுங்கிரும். எங்களுக்கு உச்சி வெயில்தான் சோறு. மூணு நாளுக்குள்ள காயலேன்னா காய் கறுத்துப் போகும். கறுத்த காயை எவன் வாங்குவான்? மலையில இத்துனூண்டு தோட்டம் வச்சிருக்கிற சனங்க எங்களை நம்பித்தான் பொதி அனுப்புது. இந்தப் பொம்பளைக அத்தனை பேரு வீட்டு அடுப்பும் இந்தக் களத்துலதான் எரியுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இனி இந்தக் களத்துல எவன் வந்து கால் நட்டாலும் அறுப்பேன். போய் உங்கய்யாகிட்டச் சொல்லுங்க."

அப்புறம்தான் அவன் இன்னமும் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தாள். உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்...

அவ்வளவுதான். அஞ்சு மச்சு என்று ஊரெல்லாம் பேர் வாங்கியிருந்த கட்டடம், மூன்றாவது மச்சில் பாதியில் நின்றுபோனது.

வடக்குச் சுவர் ராக்குவின் களத்தை ஒட்டி எழுந்தது. வெளிச்சாரம் கட்ட வேண்டுமானால் அவள் மண்ணில்தான் மூங்கில் நட வேண்டும். சுடலைக் கொத்தனார் தலையைச் சொறிந்தார். "முதலாளி, உள்ளயிருந்தே எத்தனைதான் எட்டிக் கட்டுறது? வெளிச்சாரம் இல்லாம ஒரு வரிசைகூட ஏறாது. ஆளுகளை வேற சோலிக்கு அனுப்பட்டுமா?"

ஜக்கையன் மீசையை நீவினார். தேவாரம் என்ற ஊர் முதல் போடி வரைக்கும் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கடையில், கோயிலில், கிணற்றடியில் எல்லாம் இப்போது இதே பேச்சு: 'மூணாவது மச்சுல முக்கிக்கிட்டு நிக்குதாமே!' மொட்டைச் சுவரைக் காட்டிச் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தன. அவர் மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா கன்னையா, பம்பாய் சேட்டுகிட்டயே பேசி விலை ஏத்துனவன் நீ. ஒரு பொம்பளைப் பிள்ளைகிட்டப் பேசி இறக்க முடியாது? போ. களத்தை வித்துரச் சொல்லு. அதைவிடப் பெரிய இடமா ஊருக்கு வெளிய தர்றோம்னு சொல்லு."

போனான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாள், போகச் சொல்லி யாரும் சொல்லாமலே போனான்.

"வந்துட்டாகடி!" என்பாள் அய்யம்மாள். "ராக்கு, உன் வெயிலை அளக்க ஆள் வந்தாச்சு."

"இன்னைக்கு என்ன தர்றீகளாம்?" ராக்கு காயைப் புரட்டிக்கொண்டே கேட்பாள்.

"ஊருக்கு வெளிய, ஆத்தங்கரை ஓரமா..."

"ஆத்தங்கரையில ஈரக்காத்து. காய் காயாது. அடுத்தது?"

"அடுத்தது... ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"சும்மா வர்றவுக கையை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கக்கூடாது. அந்தக் கடகத்தக் கொண்டா... கொண்டாங்க."

பனையோலைக் கடகத்தைக் கொண்டுவந்தான். பட்டுக்கரைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாய் இழுத்தான். சுளகு பிடிக்கத் தெரியாமல் முகமெல்லாம் தூசி வாங்கினான். பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவன் ஒரு நாள் வரத் தாமதமானபோது வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். 'காற்று அடிக்கிறதா என்று பார்த்தேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்று உள்ளேயும்தான் அடித்தது!

ஒரு நாள் அவளே கேட்டாள். "எதுக்கு அஞ்சு மச்சு? உங்க வீட்டுல மூணு பேரு. மச்சுக்கு ஒரு ஆள் படுத்தாலும் ரெண்டு மிச்சம்."

கன்னையன் சிரிக்கவில்லை. "பம்பாய்ல ஒரு சேட்டு. நம்ம காயை மோந்து பாத்துட்டு, 'இந்த வாசம் எந்த ஊரு'ன்னான். போடிநாயக்கனூருன்னு சொன்னேன். 'உங்க ஊருல வீடெல்லாம் எம்புட்டு உயரம்? குனிஞ்சுதான நுழைவீங்க'ன்னு கேட்டுச் சிரிச்சான். கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். மெட்டுலருந்து இறங்குறவன் கண்ணுல முதல்ல படுறது எங்க ஊருக் கட்டடமா இருக்கணும். யாருக்கும் குனியாத கட்டடம்."

சொல்லும்போது அவன் கண்கள் பளபளத்தன. ராக்கு அந்தக் கண்களைப் பார்த்தாள்... சட்டென்று காயைப் பார்த்தாள்.

"உங்க வீம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் மெதுவாக. "ஆனா அதுக்கு என் வெயிலையா எடுக்கணும்?"

அன்று அவன் கடகத்தை வைத்துவிட்டு எழுந்து போனான்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு பகல். வானம் தெளிவாகத்தான் இருந்தது. எங்கிருந்து வந்ததோ அந்த மேகம்! மலை மறைந்தது, மண் வாசம் எழுந்தது, பெரிய பெரிய துளியாய் மழை இறங்கிவிட்டது.

"காயை அள்ளுங்க! வெரசா... வெரசா!"

ராக்குவின் குரலுக்குக் களமே பறந்தது. பாயைச் சுருட்டுகிறவள் ஒருத்தி, சாக்கைப் பிடிக்கிறவள் ஒருத்தி. ராக்குவின் தாய் மூக்கம்மாள் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு கடகத்தோடு ஓடினாள். வீட்டுத் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. பாதிக் காய் இன்னும் வெளியே கிடந்தது.

"இங்க கொண்டாங்க! இங்க!"

கன்னையன்தான். தன் கட்டடத்தின் பக்கவாசலில் அடைத்திருந்த தட்டியைப் பிய்த்து எறிந்தான். ஓடி வந்தான். துண்டை விரித்தான். வாரி வாரிப் போட்டான். அவளும் வாரினாள். இரண்டு பேர் கையும் ஒரே குவியலுக்குள் போய், காய்க்குப் பதிலாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மழை அல்லவா... கண் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம்!

கடைசிக் கடகமும் உள்ளே வந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். கூரையில்லாத உச்சியிலிருந்து மழைச் சத்தம் இரண்டு மச்சும் தாண்டிக் கீழே கேட்டது. கீழ்த்தளத்துக் கல்தூண்களுக்கு நடுவே ஏலக்காய்க் குவியல், பச்சை வாசம். அவள் இமையில் ஒரு துளி நின்றது. விழட்டுமா வேண்டாமா என்று அது யோசிப்பதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல... நான் கட்டுன கட்டடத்துக்குள்ள முதல்ல குடி வந்தது உன் காய்தான்."

"காய் மட்டுமா வந்திருக்கு?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. துளி விழுந்தது. அவள் ஓடியே போனாள்.

அன்று முழுவதும் ராக்கு தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். இவனிடமா? வெயிலைத் திருட வந்தவனிடமா? அட, போயும் போயும்...

மறுநாள் வெயில் வந்தது. ஈரக் காயை எல்லாம் பரப்பினார்கள். உச்சிப் பொழுதில் கட்டடத்தின் நிழலும் வந்தது. சொல்லி வைத்த மாதிரி. அதிகமான காய்க்கு இடம் போதாமல் சுவரோரமும் பாய் விரித்திருந்தார்கள். மூன்றாம் நாள் கன்னையன் அந்தப் பாயில் கை வைத்தான். வெயில் பட்ட காய் கலகலவென்று உருண்டது. நிழல் பட்ட காய் கையில் பிசுபிசுத்தது. தோல் கறுத்து, வாசமும் கெட்டிருந்தது.

அள்ளிய காயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பம்பாயில் அவன் இருந்த அறை நினைவு வந்தது. இரு பக்கமும் உயரமான கட்டடங்கள். நடுவில் ஒரு சந்து. சந்துக்குள் அவன் ஜன்னல். ஆறு வருஷம் அதில் ஒரு நாள்கூட வெயில் விழவில்லை. துவைத்த வேட்டி இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டு, மேலே இருப்பவனைத் திட்டிக்கொண்டேதான் அவன் தினமும் கடைக்குப் போனான்... சேட்டின் சிரிப்பு மறக்கவில்லை. அந்த ஈர வேட்டி எப்படி மறந்து போயிற்று?

முடிவு பண்ணிவிட்டான். அய்யாவிடம் சொல்லிவிட வேண்டும். இதற்கு மேல் ஏறாது.

ஆனால் அய்யா அதற்குள் ஒரு முடிவு பண்ணியிருந்தார். மகன் தினமும் களத்துக்குப் போவதை ஊர் அவர் காதில் போட்டிருந்தது. அவருக்கு அது கெட்ட செய்தியாகப் படவில்லை. அன்று மத்தியானமே தாம்பூலத் தட்டோடு மூக்கம்மாள் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்.

"தூரத்துச் சொந்தம்தான். முறையும் சரியா வருது. உன் மகளை என் மகனுக்குக் குடுத்துரு ஆத்தா. நகை நட்டு ஒண்ணும் வேணாம். களத்தைச் சீதனமா எழுதிக் குடுத்தாப் போதும். கட்டடமும் ஏறிரும், கல்யாணமும் முடிஞ்சிரும்."

கதவுக்குப் பின்னால் நின்ற ராக்குவுக்கு முதல் பாதியில் முகம் சிவந்தது வெட்கத்தால். இரண்டாம் பாதியில் சிவந்தது வேறு எதனாலோ. விறுவிறுவென்று களத்துக்கு வந்தாள். கறுத்த காயோடு உட்கார்ந்திருந்த கன்னையன் முன்னால் நின்றாள்.

"நல்லா இருக்கு உங்க யாவாரம்."

"என்ன ராக்கு?"

"விலைக்குத் தர மாட்டேன்னு தெரிஞ்சதும் தாலியக் கொண்டு வந்துட்டீக. நான் வாசல் வழியா வந்தா என் களம் பின்னாலேயே வரும். அதானே? கடகம் தூக்குனது, பாய் இழுத்தது... மழையில கையைப் பிடிச்சது. எல்லாம் இதுக்குத்தானா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது ராக்கு. எங்கய்யா வந்ததே..."

"தெரியாதா! சாரக்கால் நடக் கேட்டப்பவும் நிழலு விழும்னு தெரியாது. இப்பவும் தெரியாது. உங்க வீட்டுல யாருக்குமே எதுவுமே தெரியாது!" குரல் உடைந்தது, கண்ணைத் துடைக்காமலே நிமிர்ந்து நின்றாள். "போங்க. களமும் வராது. நானும் வர மாட்டேன்."

போனான். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து 'ணங்... ணங்...' என்று சத்தம் கேட்டது. பெண்கள் சுளகை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாவது மச்சில், கன்னையன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடப்பாரையோடு நின்றான். வடக்குச் சுவரை இடித்துக்கொண்டிருந்தான். ஒரு செங்கல்கூடக் களத்துப் பக்கம் விழாமல் உள்பக்கமாகவே சரித்தான்.

ஊர் கூடிவிட்டது. ஜக்கையன் தாம்பூலத் தட்டைக் கையில் வைத்தபடியே ஓடி வந்தார்.

"டேய்! பித்துப் பிடிச்சிருச்சாடா? எவன்டா சொந்தச் சுவரை இடிப்பான்?"

"கோணலாக் கட்டியிருந்தா இடிப்பாங்கய்யா. இது கோணல்."

"சுவரு நேராத்தான்டா இருக்கு!"

"சுவரு நேராத்தான் இருக்கு. நாமதான் கோணல். அடுத்தவுக வெயில்ல நின்னுக்கிட்டு உயரம் பேசுறோம்."

"இறங்குடா! ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டும். சேட்டு சிரிச்சதுக்காகக் கட்டினேன். ஊரு சிரிக்குதுன்னு நிறுத்த மாட்டேன். களத்தக் கேட்டு இனி யாரும் அந்த வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. நீங்களும்தான்யா."

ஜக்கையனுக்கு எதிர்த்து ஒருவன் பேசி ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேசியது அவர் பெற்ற பிள்ளை. தட்டோடு அப்படியே திரும்பி நடந்தார்.

களத்து நடுவில் ராக்கு நின்றிருந்தாள். இடுப்பில் கை.

"இந்தாங்க! யாருக்கு இந்தத் தருமம்? என் வெயில எனக்கே பிச்சை போடுறீகளா?"

கடப்பாரை நின்றது. மேலேயிருந்து அவன் அவளைப் பார்த்தான். உடம்பெல்லாம் சுண்ணாம்பு.

"பிச்சை போடல ராக்கு. உன்னுதை எடுத்து வச்சிருந்தேன். திருப்பித் தர்றேன். அதுக்கு நீ என்கிட்டச் சிரிச்சுப் பேசணும்னுகூட இல்ல."

மறுபடியும் 'ணங்'.

ராக்கு அங்கேயே நின்றாள். போகச் சொல்லிக் கால்களிடம் கேட்டுப் பார்த்தாள். அவை கேட்கவில்லை.

மூன்றாவது மச்சை முழுசாக இறக்கிவிட்டுத்தான் அவன் ஓய்ந்தான். நிழல் பின்வாங்கியது. இப்போது உச்சி நேரத்தில் சுவரடியோடு ஒரு பட்டை நிழல்தான். காம்பு கிள்ளுகிற பெண்கள் உட்காரச் சரியாக இருந்தது. "இம்புட்டு நிழலு நமக்கும் வேணும்ல" என்றாள் அய்யம்மாள், ராக்குவின் காதில் விழும்படியாக. மலைக்காய் மொறுமொறுவென்று காய்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது. ராக்குவுக்கு மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. அவன் களத்துப் பக்கம் வரவே இல்லை.

'நீதானே போகச் சொன்னாய்?' என்று மனசு கேட்டது. 'போகச் சொன்னால் போய்விடுவதா?' என்று அவள் மனசையே திட்டினாள்.

ஜக்கையன் மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோபத்தில் தினமும் அந்த மொட்டை மாடியில் ஏறித் தனியாக உட்கார்ந்துகொள்வார். அங்கே உட்கார்ந்தால் மெட்டிலிருந்து இறங்கும் பொதிகள் ஒவ்வொன்றும் தெரிவது அவருக்கே கொஞ்சம் பிடித்துப் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்தது. ஒரு நாள் உச்சிப் பொழுது.

களத்து வாசலில் ஒரு மூங்கிலின் அடி நுழைந்தது. தடித்த, நீளமான மூங்கில். ராக்கு பார்த்தாள். ரத்தம் தலைக்கு ஏறியது. அரிவாளை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள்.

மூங்கிலுக்குப் பின்னால் வந்தவன் கன்னையன்! இளைத்திருந்தான். தோளில் மூங்கில், அதன் மறுபாதி இன்னும் தெருவில் கிடந்தது.

"வந்துட்டீகளா! இடிச்சுக் காட்டிட்டு மறுபடியும் கட்ட வந்தாச்சா? இந்த ஒரு மாசமும் உங்களை நினைச்சு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என் களத்துல கால் நட்டா அறுப்பேன்னு சொல்லியிருக்கேன்."

"ஞாபகம் இருக்கு. கால் நடத்தான் வந்தேன்."

"நடுங்க பாப்போம்!"

"நுனியப் பாத்துட்டு அறு."

அவன் முன்னால் நடந்தான். மூங்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நுனியும் வாசலைத் தாண்டியது.

நுனியில் மாவிலைக் கொத்து. அதைச் சுற்றி மஞ்சள் துணி.

கல்யாணப் பந்தக்கால்!

அரிவாள் கையிலிருந்து நழுவியது.

"களம் எனக்கு வேணாம் ராக்கு" என்றான் கன்னையன். கண்ணை அவளிடமிருந்து எடுக்கவில்லை. "அது உன்னுது. கல்யாணத்துக்கு அப்புறமும் உன்னுது. இந்தக் கால் நட ஒரு சாண் இடம் குடு, போதும். கல்யாணம் முடிஞ்சதும் பிடுங்கிருவேன். எங்கய்யா இன்னும் சம்மதம் சொல்லல. சொன்னாலும் சொல்லாட்டியும் நான் வந்துட்டேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு... அந்த அரிவாளோட சேத்துத்தான் பிடிச்சிருக்கு."

அய்யம்மாளுக்குப் பொறுக்கவில்லை. குலவை போட்டுவிட்டாள். அவ்வளவுதான், களம் முழுக்கக் குலவை கிளம்பியது. மூக்கம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எதுவென்று தெரியாமல் நின்றாள்.

ராக்கு சூரியனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். களத்தைக் குறுக்கே கடந்து, வடக்கு ஓரத்தில் தெருவை ஒட்டி ஓரிடத்தில் குதிகாலால் கோடு கிழித்தாள்.

"இங்க நடுங்க. இங்க நட்டா நிழலு தெருவுல விழும். காய் மேல விழாது."

கன்னையன் வாய்விட்டுச் சிரித்தான். கடப்பாரையை வாங்கித் தோண்ட ஆரம்பித்தான். அடி குழியில் இறங்கி, மூங்கில் எழுந்து நின்றபோது...

"அடேய்! சாய்ச்சு நிறுத்துறியேடா! கிழக்க தள்ளு... இன்னுங் கொஞ்சம்! ஒரு கால் நேரா நடத் தெரியல, இவன் அஞ்சு மச்சு கட்டுறானாம்!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மொட்டை மாடி விளிம்பில் ஜக்கையன். மீசை துடித்தது. ஒரு மாதம் கழித்து மகனோடு பேசிய முதல் பேச்சு அது.

"என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? மூக்கம்மா! மஞ்சத் தண்ணி எங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரன் இறங்கி வர்ற வரைக்கும் எவனும் மண்ணு தள்ளக்கூடாது, சொல்லிட்டேன்!"

அவர் படி இறங்குகிற சத்தம் தடதடவென்று கேட்டது. பெண்கள் மஞ்சளுக்கும் தண்ணீருக்கும் ஓடினார்கள். அந்தச் சந்தடியில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் ராக்கு, மூங்கிலைப் பார்த்து.

"சொல்லு."

"அன்னைக்கு... மேல ஆள் நின்னது எனக்குத் தெரியும்."

"என்னது!"

"உங்க நிழலு என் காய் மேல விழுந்துச்சு. தலையும் தோளும்... துண்டு நுனி காத்துல ஆடுச்சு. கையைத் தூக்கி நெத்தியில வச்சீக. அரிவாளோட வந்தவ, அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். எம்புட்டு நேரம்னு தெரியல. அப்புறம்தான் எனக்கு எம் மேலயே கோவம் வந்துச்சு. நிழல வெரட்ட வந்துட்டு நிழலையே பாத்துக்கிட்டு நிக்கிறோமேன்னு. அந்தக் கோவத்துலதான் கிழக்குக் கயித்த அறுத்தேன்." குரல் இறங்கியது. "நீங்க நின்ன பலகைக் கயித்த நான் தொடவே இல்ல."

கன்னையன் மூங்கிலை விட்டுவிட்டான். அது அவன் பக்கமாகவே சாய்ந்தது. அவள்தான் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

"அப்ப முதல் நாளே உனக்கு..."

"காலைப் பிடிங்க, உங்கய்யா வர்றாரு. வெரசா நட்டு முடிங்க... உச்சி சாயிறதுக்குள்ள நான் காயைப் புரட்டணும்."